பாலத்தின் கண்களும் கரிக் குழாய்களும்

அந்தமான் தீவுகளின் தலைநகராகிய போர்ட் பிளேருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்ற புதுப்பெயர் சூட்டப்பட்டது. அந்நகரத்தின் விளிம்பிலே, தென்னைகளுக்கும் தகரக் கூரைகளுக்கும் இடையே, டாலிகஞ்ச் என்னும் பகுதி அமைந்திருக்கிறது. பெயரைக் கேட்டவுடன் கல்கத்தாவின் பேட்டையொன்று நினைவுக்கு வரக்கூடுமாயினும், தமிழும் வங்காளியும் இந்தியும் மலையாளமும் ஒரே கடை வாசலில் கலந்து ஒலிக்கின்ற தீவு வாழ்க்கைதான் அங்கே நடைபெறுகிறது. சென்னைப் பள்ளிக்கரணையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய சமுத்திரத் தொழில்நுட்ப ஸ்தாபனத்தின் அந்தமான் கிளையும், தீவு மக்களின் நோய்களை ஆராய்கின்ற மருத்துவ ஆராய்ச்சி நிலையமும் டாலிகஞ்சிலேதான் இருக்கின்றன. ஆகவே, விஞ்ஞானம் என்பது அவ்வூராருக்குப் பாடப்புத்தகத்தில் மட்டும் காணப்படும் வஸ்துவன்று; தெருக்கோடியில் காம்பவுண்டுச் சுவரோடு நிற்கிற சங்கதி.

பூகம்பமும் அவர்களுக்கு அவ்வாறே பரிச்சயமானது. இந்திய நிலத்தட்டு கிழக்கு நோக்கிச் சரிந்து பர்மியத் தட்டின் அடியிலே புகுகின்ற விளிம்பின்மேல் இத்தீவுகள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. பாரத தேசத்தின் நிலநடுக்க வரைபடத்தில் மிகக் கடுமையான மண்டலத்தில் தீவுக்கூட்டம் முழுவதும் அடங்கிவிடுகிறது. 1881 டிசம்பர் 31ஆம் நாள் கார் நிகோபாருக்கு அருகே உண்டான பூகம்பம், வங்காள விரிகுடாவைச் சுற்றிலும் இருந்த அலைமானிகளில் தன் கையெழுத்தைப் பதித்துச் சென்றது. 1941 ஜூன் 26ஆம் நாள் நிகழ்ந்தது, அரசியல் கைதிகளின் கண்ணீர் படிந்த செல்லுலார் சிறையின் மையக் கோபுரத்தையே சேதப்படுத்திற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆறரை மணிக்குச் சற்று முன்பாக சுமத்ரா தீவின் அருகே தொடங்கிய பிளவு, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தூரம் வடக்கு நோக்கி ஓடி, அந்தமானின் அடிவயிற்றையும் கிழித்துக்கொண்டு சென்றபோது, தெற்கு அந்தமான் நிலம் சுமார் ஒரு மீட்டர் ஆழம் அமிழ்ந்தது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரையோ ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. டாலிகஞ்சுக்கு அணித்தேயுள்ள சிப்பிகாட்டில் அன்று கடல்நீர் புகுந்த நெல்வயல்களிலிருந்து அந்நீர் திரும்பிப் போகவேயில்லை. கடல் போகாததற்குக் காரணம் கடலின் பிடிவாதமன்று. வயல்தான் கீழே இறங்கிவிட்டது. உழவர் நெல் விளைவித்த இடத்தில் இன்று நாரைகளும் கொக்குகளும் இரை தேடுகின்றன.

இத்தகைய நிலத்தின்மீது ஒரு பாலத்தை நிறுத்துவது எப்படி, நிறுத்திய பாலம் எதனால் விழுகிறது, விழாமற் காப்பதற்கு இக்காலத்து விஞ்ஞானிகள் உலையிலிட்டு வளர்க்கின்ற கரிக் குழாய்கள் எவ்வளவு தூரம் உதவும் என்பவற்றை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். பாலம், மனிதன் நிர்மாணிக்கும் பெரும்பொருள்களுள் ஒன்று. கரிக் குழாயோ கண்ணுக்கு மட்டுமன்றிச் சாதாரண நுண்ணோக்கிக்கும் அகப்படாத சிறுபொருள். இவ்விரண்டையும் ஒரே அத்தியாயத்தில் கட்டுவது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால், உலகத்தின் மிக உறுதியான இழை கிடைத்துவிட்டது, இனிப் பாலங்கள் விழமாட்டா என்று பத்திரிகைகள் அவ்வப்போது எழுதுகிற ஆரவாரத்தைச் சற்று நிறுத்துப் பார்ப்பதற்கு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைவிட நல்ல உபாயம் வேறில்லை.

நமக்கு வேண்டிய உதாரணம் டாலிகஞ்சிலிருந்து வெகு வடக்கே, அந்தமான் பெருவழிச் சாலையில் இருக்கிறது. நடு அந்தமானையும் வடக்கு அந்தமானையும் பிரிக்கின்ற ஆஸ்டின் ஜலசந்தியின்மீது, 268 மீட்டர் நீளத்தில் ஒரு கான்கிரீட் பாலம் உண்டு; செங்கப்பா பாலம் என்று அதற்குப் பெயர். அச்சாலையின் மற்ற ஜலசந்திகளில் லாரிகளையும் பேருந்துகளையும் படகிலேற்றிக் கடத்திக்கொண்டிருந்த நாட்களிலேயே, இந்த ஒரு ஜலசந்திக்கு மட்டும் பாலம் வாய்த்திருந்தது. வடக்கு அந்தமானின் திக்லிப்பூர் வட்டாரத்துக் குடியேறிகளுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் மருந்தும் சாலைவழி வருவதற்கு அதுவே கதி என்பதை எண்ணினால், அதன் முக்கியத்துவம் விளங்கும்.

2002 செப்டம்பர் 14ஆம் நாள் விடியற்காலை, நான்கு மணிக்குச் சிறிது முன், திக்லிப்பூரை மையமாகக் கொண்டு 6.5 அளவுள்ள பூகம்பம் ஒன்று உண்டாயிற்று. பெரும்பூகம்பங்களின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கதன்று அது. ஆயினும், கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த துர்கேஷ் ராய், சி.வி.ஆர். மூர்த்தி என்னும் பொறியியல் பேராசிரியர்கள் அங்கு சென்று பார்த்தபோது, செங்கப்பா பாலத்தின் மேல்தளம் தன் இருப்பிடத்திலிருந்து சற்றே நகர்ந்திருப்பதையும், அதனைத் தாங்கிய ரப்பர்ப் பேரிங்குகள் இடம் பிசகியிருப்பதையும் கண்டார்கள். பாலம் விழவில்லை, போக்குவரத்தும் நின்றுவிடவில்லை. இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் கழிந்தன. 2004 டிசம்பரில் மாபெரும் பூகம்பம் வந்தது. பாலத்தின் நடுவிலிருந்த மூன்று கண்களின் தளம், பேரிங்குகளை விட்டு நழுவித் தூண்களின் தலைமீதே இறங்கி உட்கார்ந்துவிட்டது. முன்னது எச்சரிக்கை, பின்னது தண்டனை என்று கதை சொல்வோர் சொல்வார்கள். பூமிக்கு அத்தகைய நீதி உணர்ச்சி கிடையாது. முதல் பூகம்பம் காட்டிக்கொடுத்த பலவீனம் இரண்டாவது பூகம்பம் வரும்வரையில் அப்படியே இருந்தது என்பதுதான் நிகழ்ந்த காரியம்.

அந்தப் பலவீனம் யாதென்று அறிய, பாலத்தின் உடற்கூற்றைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்றிலோ கடலிலோ ஊன்றி நிற்பது தூண். அதன் உச்சியில் அகலமாக விரிந்திருப்பது தூணின் தலை. ஒரு தூணின் தலைக்கும் அடுத்த தூணின் தலைக்கும் இடையே கிடக்கின்றன கர்டர்கள் எனப்படும் நீண்ட உத்தரங்கள். அவற்றின்மேல் வாகனம் ஓடும் தளம். இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்குக் கண் என்று நம் கொத்தனார்கள் நெடுங்காலமாகப் பெயர் வழங்கிவருகிறார்கள். இப்போது, கர்டரைத் தூணின் தலையோடு சேர்த்து ஒரே கட்டியாக வார்த்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். வெயிலில் கான்கிரீட் நீளும், குளிரில் குறுகும். இருபது மீட்டர் நீளமுள்ள கர்டர், இருபது பாகை வெப்பமாற்றத்தில் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. அற்பமான அளவுதான், ஆயினும் அதற்கு இடங்கொடாமல் இறுக்கிக் கட்டினால், ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான தடவை இழுபட்டுத் தூணே வெடித்துவிடும். ஆதலால், கர்டருக்கும் தூணின் தலைக்கும் நடுவில் நியோப்ரீன் என்ற ரப்பர் அட்டையை எஃகுத் தகடுகளோடு அடுக்கி வைக்கிறார்கள். நிற்கும் பாரத்தை அது தாங்கும். பக்கவாட்டு அசைவுக்குச் சிறிது வளைந்து கொடுக்கும்.

சாதாரண நாட்களில் கர்டர் அந்த அட்டையின்மேல் தன் பாரத்தினாலேயே அமர்ந்திருக்கிறது. பூகம்பம் வருகிறபொழுது அதே பாரம் பகையாகிறது. தரை ஒரு திசையில் சட்டென்று பாய, நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள தளம் இருந்த இடத்திலேயே இருக்க முனைகிறது; எடை எவ்வளவு மிகுதியோ, அந்த ஜடசக்தியும் அவ்வளவு மிகுதி. தரை மேலும் கீழுமாகக் குதிக்கும் கணங்களில், கர்டர் அட்டையை அழுத்துகின்ற பாரமும் குறைந்துபோய், உராய்வின் பிடி நழுவுகிறது. பக்கத்துக் கண்கள் ஒரே தாளத்தில் ஆடுவதுமில்லை; ஒன்று முன்னே வர மற்றொன்று பின்னே போக, முனைகள் மோதிக்கொள்கின்றன, பிறகு விலகிக்கொள்கின்றன. விலகும் தூரம், தூணின் தலையில் கர்டர் ஊன்றியிருக்கும் இருக்கையின் அகலத்தைவிட மிகுந்தால், அப்புறம் கர்டருக்கு ஆகாயமே ஆதாரம்.

இதில் கவனிக்கத்தக்க விசேஷம், விழுந்த கர்டரைப் பரிசோதித்தால் பல சமயங்களில் அது உடையாமலே விழுந்திருப்பது தெரியவரும் என்பதே. பொருளின் பலத்தில் குறையில்லை. பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள சம்பந்தத்தில்தான் குறை. ஜப்பானில் 1964 ஜூன் 16ஆம் நாள் நீகாட்டா நகரைப் பூகம்பம் தாக்கியபோது, கட்டி முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்த ஷோவா பாலத்தின் கண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் சரிந்தன. ஆற்றுப் படுகையின் மணல் நீரோடு கலந்து குழம்பாகிவிட, தூண்கள் தள்ளாடி, அவற்றின்மேல் இருந்த தளங்கள் இருக்கையிழந்தன. அமெரிக்காவில் 1989 அக்டோபர் 17ஆம் நாள், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்தின் மேல்தளத்தில் சுமார் 15 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு, ஆணிகள் அறுந்து கீழ்த்தளத்தின்மேல் விழுந்தது. நம் நாட்டில், 2001 குடியரசு தினத்தன்று கட்ச் பூகம்பத்தின்போது, அப்பிரதேசத்தைக் குஜராத்தின் மற்றப் பகுதியோடு இணைக்கின்ற சூரஜ்பாரி பாலத்தின் கர்டர்கள் இடம்பெயர்ந்து பேரிங்குகள் சேதமுற்றன. தூணே முறிந்து விழுந்த கோர சம்பவங்களும் உண்டு. 1995 ஜனவரியில் கோபே நகரத்தின் ஹன்ஷின் மேம்பாலச் சாலை 635 மீட்டர் நீளத்திற்கு ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்தது. அதே பூகம்பத்தில், அருகே கட்டப்பட்டுக்கொண்டிருந்த அகாஷி கைக்யோ தொங்குபாலத்தின் கோபுரங்களுக்கு இடையிலுள்ள தூரம் 1,990 மீட்டரிலிருந்து 1,991 மீட்டராக நீண்டுவிட்டது. பாலம் தொங்குபாலமாதலாலும், தளம் இன்னும் அமைக்கப்படாமையாலும், பொறியாளர்கள் கணக்கைத் திருத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

இருக்கை நழுவாமலிருக்கப் பரிகாரம் மிக எளியது. எளியதாக இருப்பதனால்தானோ என்னவோ, அதற்குக் கௌரவம் குறைவு. தூணின் தலையைச் சற்று அகலமாக வார்ப்பது முதற்பரிகாரம். கண்ணின் நீளமும் தூணின் உயரமும் கூடக் கூட இருக்கையின் அகலமும் கூடவேண்டும் என்று பல நாட்டு விதிநூல்கள் வரையறுத்திருக்கின்றன. கர்டர்களை ஒன்றோடொன்றும் தூணோடும் எஃகு வடத்தால் தளையிடுவது இரண்டாவது. 1971ஆம் ஆண்டின் சான் பெர்னாண்டோ பூகம்பத்துக்குப் பிறகு கலிபோர்னியர்கள் பழைய பாலங்களுக்கெல்லாம் அத்தகைய தளைகளைப் பூட்டினார்கள். கர்டரின் இருமருங்கிலும் தூணின் தலைமேல் கான்கிரீட் தடுப்புக் கட்டைகளை எழுப்பி, பக்கவாட்டில் நழுவாமல் மறிப்பது மூன்றாவது. இவற்றில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. சிமெண்டும் கம்பியும் கருத்தும் போதும்.

பாலத்தை இங்கே நிறுத்திவிட்டுக் கரிக்கு வருவோம்.

கரி என்னும் மூலகம் வைரமாகவும் இருக்கும், பென்சிலில் இடும் கிராபைட்டாகவும் இருக்கும் என்பது பள்ளிப்பிள்ளைகளும் அறிந்தது. கிராபைட்டின் ஓர் ஏட்டை மட்டும் உரித்தெடுத்தால், அறுகோணங்களாகக் கைகோத்த கரியணுக்களின் பரப்பு ஒன்று கிடைக்கும். அப்பரப்பு தன்மேல் தானே வளைந்து, விளிம்போடு விளிம்பு தடயமின்றிப் பொருந்திக் குழாயாகிவிட்டால், அதற்குக் கார்பன் நானோக்குழாய் என்று பெயர். ஒற்றைச் சுவருள்ள குழாயின் விட்டம் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு செய்தால் ஒரு பங்கு. குழாய்க்குள் குழாயாகப் பல சுவர்கள் அடுக்கப்பட்டனவும் உண்டு. 1952ஆம் ஆண்டிலேயே ராதுஷ்கேவிச், லுக்யானோவிச் என்னும் சோவியத் விஞ்ஞானிகள் இத்தகைய இழைகளின் படங்களை ருஷ்ய மொழியில் வெளியிட்டார்கள். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1991ஆம் ஆண்டில் ஜப்பானியராகிய சுமியோ இஜிமா, மின்வில்லில் கருகிய கரிமுனையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய கட்டுரைதான் எல்லோரையும் எழுப்பிவிட்டது. விறைப்பிலே எஃகைப்போல் ஐந்து மடங்கு. இழுவிசையைத் தாங்குவதிலோ பல பத்து மடங்கு. எடையிலே எஃகில் நான்கிலொரு பங்கும் இராது. இவ்வளவு குணங்கள் ஒரு வஸ்துவினிடத்தில் சேர்ந்திருப்பதைக் கண்டு அறிஞர்கள் மயங்கியதில் வியப்பில்லை.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சுவாரசியமும் உண்டு. கீழடி அகழ்வாய்வில் கிடைத்த, கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தனவென்று கருதப்படும் பானை ஓடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோக்குழாய்கள் இருப்பதை, வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டார்கள். டமாஸ்கஸ் வாள் ஒன்றிலும் அத்தகைய குழாய்கள் இருப்பதாக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தார்கள்; அவ்வகை வாள்களுக்கான உருக்கு, தென்னிந்தியாவிலிருந்து போனது என்பது சரித்திரம். இவற்றைப் பிடித்துக்கொண்டு நம் குயவரும் கொல்லரும் நானோ விஞ்ஞானம் கற்றிருந்தார்கள் என்று மேடையேறிப் பேசுவோரும் இருக்கிறார்கள். சூளையின் கடுவெப்பமும், கரியைத் தருகின்ற தாவரப்பொருளும், உலோகத் துகளும் ஓரிடத்தில் கூடினால் குழாய் தானே முளைக்கக்கூடும்; முளைத்ததைக் கண்டவர் அக்காலத்தில் எவருமிலர். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் உதிராத பூச்சைத் தந்த கைத்திறனே பாராட்டுக்குப் போதுமானது.

அந்தக் கூட்டுறவைத் தெரிந்தே நிகழ்த்துவதுதான் இன்றைய முறை. குழாய்களை மின்வில்லிலும் லேசர்க் கதிரிலும் உண்டாக்கலாமெனினும், ஏராளமாக வளர்ப்பதற்கு ஏற்றது ஆவிப்படிவு முறையே. சிலிக்கான் தகட்டின்மேல் அலுமினியம் ஆக்ஸைடை மெல்லப் படியவைத்து, அதன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் இரும்பைத் தூவி, தகட்டை ஒரு குவார்ட்ஸ் குழலுக்குள் வைத்து, 700 அல்லது 800 பாகைக்குச் சூடேற்றுகிறார்கள். அந்தச் சூட்டில் இரும்புப் படலம் பிரிந்து எண்ணற்ற நுண்துளிகளாகக் குவிகிறது. பிறகு அசெட்டிலீன், எத்திலீன் போன்றதொரு கரிவாயுவை, ஆர்கானும் ஹைட்ரஜனும் கலந்து, குழலினுள் செலுத்துகிறார்கள். வாயு, இரும்புத் துளியின் முகத்தில் பட்டுச் சிதைகிறது; ஹைட்ரஜன் போய்விட, கரியணு துளியினுள் கரைகிறது. கரைந்து கரைந்து இனிமேல் கொள்ளாது என்ற நிலை வந்தவுடன், மிகுதியான கரி துளியின் மேற்பரப்பில் ஒரு குமிழ்மூடியாக வெளிப்பட்டு, அம்மூடியின் விளிம்பிலே புதிய அணுக்கள் சேரச் சேர, குழாயாக நீள்கிறது. இடியாப்ப நாழியின் துளை எவ்வளவோ அவ்வளவே இழையின் பருமன் ஆவதுபோல, இரும்புத் துளியின் விட்டமே குழாயின் விட்டத்தைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. துளி தகட்டைக் கெட்டியாகப் பற்றியிருந்தால் குழாய் அதனை வேராகக்கொண்டு வளரும். பற்று தளர்ந்தால் துளியையே தன் நுனியில் சுமந்துகொண்டு மேலெழும்.

வளர்ச்சி தொடங்குவதைவிட, அது நின்றுவிடுவதுதான் ஆராய்ச்சியாளரை அதிகம் வாட்டியது. ஒழுங்கற்ற கரி படிந்து துளியின் முகத்தை மூடிவிடும். மூடப்பட்ட துளி மூச்சடங்கிப் போகும். அல்லது சிறுதுளிகள் பெருந்துளிகளோடு கலந்து உருவம் இழந்துவிடும். 2004ஆம் ஆண்டில், அதாவது அந்தமானில் பாலம் நழுவிய அதே ஆண்டில், ஜப்பானின் கென்ஜி ஹாட்டாவும் கூட்டாளிகளும் ஓர் எளிய உபாயத்தைக் கண்டுபிடித்தார்கள்: கரிவாயுவோடு மிகச் சிறிதளவு நீராவியைக் கலந்தார்கள். நீராவி அந்தத் துஷ்டக் கரியை மட்டும் அரித்தகற்றித் துளியைச் சுத்தமாக வைத்திருக்க, பத்தே நிமிஷங்களில் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்துக்குக் குழாய்க் காடு வளர்ந்து நின்றது. விட்டத்தோடு ஒப்பிட்டால் லட்சக்கணக்கான மடங்கு உயரம். பின்பு, 2013ஆம் ஆண்டில், பீஜிங் நகரத்துச் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தார் அரை மீட்டருக்கும் மேலான நீளமுள்ள தனிக்குழாய்களை வளர்த்துக் காட்டினர்.

நம் தேசத்தாரும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. பெங்களூரில் சி.என்.ஆர். ராவ் குழுவினர், பெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தையே ஆவியாக்கி உலையில் செலுத்தி, துளியும் கரியும் ஒரே பொருளிலிருந்து கிடைக்கும்படி செய்தனர். ஜப்பானின் மெய்ஜோ பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த முகுல் குமார், யோஷினோரி ஆண்டோவுடன் சேர்ந்து, கற்பூரத்தைக் கரிப்பொருளாகக் கொண்டு நானோக்குழாய்களை வளர்த்தார். ஒரு மூலக்கூறில் பத்துக் கரியணுக்களைக் கொண்ட கற்பூரம் எளிதில் ஆவியாவது. அதிலுள்ள ஓர் ஆக்ஸிஜன் அணுவோ, வேண்டாத கரியை உலையிலேயே எரித்துவிட உதவுகிறது. ஆரத்தித் தட்டில் ஏற்றும்போது கோயில் விதானத்தைக் கறுப்பாக்குகிற அதே வஸ்து, இரும்பின் சகவாசத்தால் இத்தகைய உயர்ந்த வடிவம் பெறுகிறது. தேங்காயெண்ணெயிலிருந்தும் குழாய்களை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். தென்னந்தோப்பு மிகுந்த டாலிகஞ்சு வாசிகளுக்கு இச்செய்தி இனிக்கும்.

இனி, பத்திரிகைகளின் கனவுக்கு வருவோம். எஃகைவிடப் பல மடங்கு வலிய இந்த இழையால் பாலம் கட்டினால் பூகம்பத்துக்கு அஞ்ச வேண்டுமா? முதற்கண், தனிக்குழாயின் பலம் கயிறாகத் திரிக்கும்போது வந்து சேருவதில்லை. குழாய்கள் ஒன்றையொன்று மெல்லிய கவர்ச்சியால்தான் பற்றுகின்றன. இழுத்தால் அறுபடுவதற்கு முன்பே வழுக்கிக்கொண்டு பிரிகின்றன. சிமெண்டில் கலந்தாலோ, அவை நீரை வெறுத்து ஒன்றாகத் திரண்டு கட்டிபட்டுவிடுகின்றன. மீயொலியால் குலுக்கியும் சோப்புப் போன்ற பொருள்களைச் சேர்த்தும் அவற்றைப் பிரிக்கவேண்டியிருக்கிறது. இந்த இடையூறுகளெல்லாம் நீங்கிவிட்டன என்றே வைத்துக்கொண்டாலும், செங்கப்பா பாலத்தின் கதையை நினைவுகொள்ளுங்கள். அங்கே கர்டரின் பலம் போதாமல் காரியம் கெடவில்லை. கர்டரை வைரத்தாலேயே வார்த்திருந்தாலும், இருக்கை அதே இருக்கையாயின், அது நழுவியே இருக்கும்.

எனினும், கரிக்குழாயிடத்தில் பலத்தைவிடப் பாலத்திற்கு அதிகப் பிரயோஜனமான மற்றொரு குணம் இருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்துகிறது. பிசினிலோ சிமெண்டிலோ மிகச் சிறிய விகிதத்தில் குழாய்களைக் கலந்தால், ஓர் எல்லைக்குமேல் அவை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் பொருள் முழுவதும் ஒரு வலையாகப் பரவிவிடுகின்றன. அதுகாறும் மின்சாரத்தை மறுத்த பொருள், திடீரெனக் கடத்தத் தொடங்குகிறது. ஒரு குழாயின் நுனிக்கும் அடுத்ததற்கும் உள்ள நானோமீட்டர் இடைவெளியை எலெக்ட்ரான்கள் தாண்டிச் செல்கின்றன. பொருள் இழுபட்டு அந்த இடைவெளி இம்மியளவு விரிந்தாலும், தாண்டுவது பன்மடங்கு கடினமாகி, மின்தடை உயர்கிறது. விரிசல் விழுந்தாலோ, அவ்வழியே முற்றிலும் அடைபடுகிறது. ஆகவே, தடையை அளப்பவன் பொருளின் வேதனையை அளக்கிறான். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் தாஸ்டென்சனும் சௌவும் இதனைக் கூட்டுப்பொருள்களில் நிரூபித்தார்கள். மிச்சிகனில் கென்னத் லோவும் ஜெரோம் லிஞ்சும், கட்டுமானத்தின் மேல் ஒட்டத்தக்க நானோக்குழாய்த் தோல் ஒன்றைச் செய்து, அதன் ஓரங்களில் மட்டும் மின்முனைகளைப் பொருத்தி, நடுவில் எங்கே சேதம் என்பதைப் படமாகவே வரைந்தார்கள். இத்தாலியின் பெருஜியா பல்கலைக்கழகத்தில் உபெர்ட்டினியின் குழுவினர், குழாய் கலந்த சிமெண்டுக் கட்டிகளையே உணர்கருவிகளாக்கினர்.

தசையாக இருக்கவேண்டும் என்று நாம் விரும்பிய பொருள், நரம்பாக இருப்பதற்கே அதிகத் தகுதி பெற்றிருக்கிறது என்பது என் துணிபு. பூகம்பத்திற்கு உட்படும் பாலங்களுக்கு நரம்பு அவசியமானது. நடுக்கம் ஓய்ந்த முதல் ஒரு மணி நேரத்தில் அதிகாரிகள் தீர்மானிக்கவேண்டிய கேள்வி, இப்பாலத்தின்மேல் ஆம்புலன்ஸை விடலாமா கூடாதா என்பது. தூணின் அடி நீருக்குள்ளும், பேரிங்கு இருட்டுக்குள்ளும் இருக்கையில், கண்ணால் பார்த்துச் சொல்வது எளிதன்று. தூணின் இடுப்பிலும் இருக்கையின் விளிம்பிலும் பூசிய ஒரு படலம், விரிசலின் இடத்தையும் அளவையும் உடனே அறிவிக்குமாயின் பெரிய உபகாரமாகும். தீவுகளிலே மற்றொரு சத்துருவும் உண்டு: உப்புக்காற்று. அது கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியை அரிக்க, ஒரு நடுக்கத்தைத் தாங்கிய தூண் அடுத்த நடுக்கத்துக்குள் உள்ளூர நலிந்துவிடுகிறது. இத்தகைய மறைவான தேய்மானத்தைக் கவனிப்பதற்கும் அந்த நரம்பு உதவக்கூடும். ஆனால் ஆய்வுக்கூடத்து மாதிரியில் நன்றாக வேலைசெய்யும் படலம், ஈரமும் வெப்பமும் மாறுகிறபோதெல்லாம் தன் தடையை மாற்றிக்கொள்கிறது. பருவமழையின் ஈரத்தையும் உண்மையான விரிசலையும் பிரித்தறியும் வித்தை இன்னும் முதிரவேண்டியிருக்கிறது.

எச்சரிக்கையாக ஒன்று சொல்லவேண்டும். நீண்டு விறைத்த பல்சுவர்க் குழாய்கள் சில, சுண்டெலிகளின் உடலில் கல்நாரைப்போலவே அழற்சியை உண்டாக்கின என்று 2008ஆம் ஆண்டில் எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவற்றுள் ஒரு வகையை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்ற ஐயப் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் பின்னர்ச் சேர்த்தது. பிசினுக்குள் புதைந்த குழாய் சாதுவானது. உலையிலிருந்து தூசியாகப் பறக்கும் குழாயை வளர்க்கும் தொழிலாளிக்கு முகக்கவசமும் அடைப்பான அறையும் கட்டாயம் வேண்டும்.

சி.வி.ஆர். மூர்த்தி பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியராயிருந்தார். அதே சென்னையின் தரமணியில், பூகம்பத்தைச் செயற்கையாக உண்டாக்கிக் கட்டட மாதிரிகளைக் குலுக்கிப் பார்க்கும் அதிர்வுமேடைகள், கட்டுமானப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கின்றன. கடலளக்கும் கருவிகளை இறக்குவோர் டாலிகஞ்சில் இருக்கிறார்கள். குழாய் வளர்க்கும் உலைகள் பல பல்கலைக்கழகங்களில் எரிகின்றன. ஆகவே அறிவுக்கோ ஆளுக்கோ பஞ்சமில்லை. 2002ஆம் ஆண்டில் பேரிங்கு நழுவியிருந்ததைக் கண்டுசொல்ல எந்த நானோக்குழாயும் தேவைப்படவில்லை. கண்டவர்கள் கண்ணாலேயே கண்டு, எழுதியும் வைத்தார்கள். சொன்னதைக் கேட்டு உடனே செய்வதற்குரிய ஏற்பாடுதான் நரம்பைவிட அரிதாயிருக்கிறது.

அந்தமான் பாலங்களுக்கென்று என் கையில் ஒரு ரூபாய் கொடுத்து, அதைப் பகிர்ந்து செலவிடு என்று சொல்வார்களானால், பன்னிரண்டு அணாவை அகலமான இருக்கைக்கும் எஃகுத் தளைக்கும் தடுப்புக் கட்டைக்கும் கொடுப்பேன். மூன்று அணாவை, ஒவ்வொரு நடுக்கத்துக்குப் பின்பும் தூணடிக்குப் போய்ப் பார்க்கிற பொறியாளரின் படகுக்கும் ஏணிக்கும் ஒதுக்குவேன். மிஞ்சும் ஓரணாவைக் கரிக்குழாய் வளர்ப்போரிடம் தருவேன். அவர்களுடைய படலம் ஒரு பருவமழையைப் பொய் சொல்லாமல் தாங்கிக் காட்டுகிற ஆண்டில், அந்த ஓரணாவை மூன்றணாவாக உயர்த்துவதற்கு எனக்கு ஆட்சேபணையில்லை.